முத்திரை பிடிக்காத பக்கம்

— அது கடைசியா வெளிய போன சீல், தங்கச்சி. நான் கேக்கறது கடைசியா உள்ள வந்த சீல். முக்கோணமா இருக்கும், தேடிப் பாரு.

— இந்தாங்கக்கா. பத்தொம்பதாம் பக்கம்.

— ஆங், இதுதான். பழைய பாஸ்போர்ட்ல இதான் தொல்லை, மை மங்கிப்போயிடும். தேதி பதினொண்ணா, பதினேழா?

— பதினேழுக்கா. சந்தேகமே வேண்டாம். நான்தானே ஏர்போர்ட்டுக்குப் போய் இவளைக் கூட்டிட்டு வந்தேன். அன்னிக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. உள்ள ஒரு டாக்டர். அவரை வெளிய எடுத்த கையோட ஓடினேன்.

— பதினொண்ணு.

— பதினேழும்மா. லிஃப்ட் மெக்கானிக்குக்கு எந்த லிஃப்ட் எப்ப நின்னுச்சுன்னு மறக்குமா?

— லிஃப்ட் நின்னது பதினேழுதாங்க. நான் வந்தது பதினொண்ணு. நீங்க வரல. டாக்ஸி பிடிச்சு நானே வந்தேன்.

— அப்ப நான் கூட்டிட்டு வந்தது?

— அது அதுக்கு முந்தின தடவை.

— தம்பி, சண்டை வேண்டாம். பாரத்துல ஞாபகத்தை எழுத முடியாது, சீல்ல இருக்கறதைத்தான் எழுதணும். அந்தப் பூதக்கண்ணாடியை இப்படித் தள்ளுங்க. ம். பதினொண்ணு. சரி, அடுத்தது.

— நாள் கணக்குல இவ கெட்டிக்கா. நான்தான் ஒத்துக்கறதில்ல.

— தங்கற அனுமதி என்னிக்கு முடியுது?

— இந்த மாசம் இருபத்தெட்டு.

— இன்னிக்குப் பத்தொம்பது. ஒம்போது நாளை கையில வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க?

— புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்தே பத்து நாள்தான்கா ஆச்சு. நேரா போய் நீட்டிப்பு கேட்டேன். பழசு செல்லாது, புதுசு வெறும் புத்தகம், பழசுல இருக்கற சீலை முதல்ல புதுசுக்கு மாத்திக்கிட்டு வான்னு கவுன்டர்ல துரத்திட்டான். அப்பத்தான் கம்பெனியில ஒருத்தர் சொன்னாரு. படிக்கட்டுக்கு அடியில ஒரு அக்கா பாரம் எழுதுவாங்க, நம்ம பாஷை பேசுவாங்க, அவங்க எழுதின மனு திரும்பி வந்ததே இல்லைன்னு.

— வந்திருக்கு. என் எழுத்துல தப்பு இருக்காது, அவ்வளவுதான். சரி, அடுத்தது. வகை, துணைவர். யாரைச் சார்ந்து, கணவர். கணவர் தொழில், லிஃப்ட் மெக்கானிக். உன் தொழில், தங்கச்சி?

— ஜெராக்ஸ், லேமினேஷன்.

— அது ஊர்லம்மா. இங்க என்னன்னு கேக்கறாங்க.

— கட்டத்துல தொழில்னு மட்டும்தானே போட்டிருக்கு. எந்த ஊர்லன்னு போடலியே.

— துணைவர்னா அந்தக் கட்டத்துல எதுவும் எழுதக் கூடாது, தங்கச்சி. ஒரு கோடு போட்டுட்டுப் போயிடணும். எழுதினா உள்ள கூப்பிட்டு, எங்க வேலை பாக்கறே, எத்தனை நாளா பாக்கறேன்னு குடைவாங்க.

— சரிக்கா. கோடே போடுங்க.

— அடுத்தது, நிபந்தனை. அதான் இந்தச் சிவப்பு வரி. வேலை பார்க்க அனுமதி இல்லை.

— அதையும் எழுதணுமா?

— பழசுல இருக்கற அத்தனையும் புதுசுல வரணும். அதுக்குப் பேருதான் மாத்தறது.

— அது ஒண்ணை மட்டும் விட்டுட்டு மாத்த முடியாதாக்கா?

— முடியாது. தலையும் வாலும் சேந்ததுதான் பாம்பு.

— பாருங்கக்கா, தேதி மங்கிப்போச்சு, பேரு மங்கிப்போச்சு. இந்தச் சிவப்பு மட்டும் நேத்து அடிச்ச மாதிரி இருக்கு.

— இவ இப்படித்தான்கா. எட்டு வருஷமா அந்த ஒரு வரியைப் பிடிச்சுத் தொங்கறா. ஊர்ல ஒரு காலேஜ் வாசல்ல ஜெராக்ஸ் கடை. கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் அங்க வேலை பாத்தா. முதலாளியம்மா பேருக்கு உக்காந்திருப்பாங்க, கடையை நடத்தினது இவதான். இப்ப அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியல. போன மாசம் போன் பண்ணி, நீ வந்து எடுத்துக்கோ, இந்த மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொன்னாங்களாம். நான் வேண்டாம்னா சொன்னேன்? இந்த ஒரு ஒப்பந்தம் முடியட்டும், சேந்தே போயிடுவோம்னேன்.

— இது எத்தனையாவது ஒப்பந்தம்?

— நாலுக்கா.

— அஞ்சு. போன வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டதோட சேத்து.

— அட, ஆமா. அஞ்சு.

— சரி, அது உங்க வீட்டு விஷயம். சொந்த முகவரியை எழுதிக்கறேன், அந்தக் கவரை எடுங்க. இது என்ன, கல்யாணச் சான்றிதழா? வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கு.

— இவ கைவேலைதான். எங்க வீட்டுல இவ கைக்குத் தப்பிச்ச காகிதமே கிடையாது. ஃபிரிட்ஜோட உத்தரவாத அட்டை, பஸ் நேர அட்டவணை, என் லிஃப்ட் லைசென்ஸ், எல்லாத்துக்கும் சட்டை மாட்டி வெச்சிருக்கா. மிஷின் இல்லாமக் கையிலேயே பண்ணுவா. பசை ஃபிலிம் சுருள் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கா, ஒரு ஸ்கேலு, ஒரு துணி, அவ்வளவுதான். விட்டா என்னையும் லேமினேட் பண்ணிடுவா. ஒரு நிமிஷம்கா, கம்பெனி போன். ஹலோ. சார், இன்னிக்கு நான் லீவு சொல்லியிருந்தேனே.

— அவர் பேசட்டும். லேமினேஷன்னதும் என் கதை ஞாபகம் வருது, தங்கச்சி. என் படிப்புச் சான்றிதழைப் பத்திரமா இருக்கட்டும்னு அப்பா கடையில குடுத்து ஒட்டி வாங்கினாரு. இங்க வர்றதுக்கு அதுல மூணு சீல் போடணும்னாங்க. மை பிடிக்கல. தாமரை இலைல தண்ணி மாதிரி உருண்டுபோச்சு. படிச்ச படிப்பு வீணாகி இந்தப் படிக்கட்டுக்கு அடியில உக்காந்தது அப்படித்தான்.

— எந்தக் கட்டடம் சார்? கதவு மூடலையா, மூடித் திறக்குதா? ரெண்டும் வேற வேற கோளாறு.

— அது உங்கப்பா தப்பு இல்லக்கா, கடைக்காரங்க தப்பு. எங்க கடைக்குக் கொண்டுவந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்போம்.

— அப்படியா?

— இதுல இன்னும் கையெழுத்தோ சீலோ விழ வேண்டியிருக்கான்னு கேக்காம எதையும் ஒட்ட மாட்டோம். முதல் நாளே முதலாளியம்மா சொல்லிக் குடுத்தது அது.

— சென்சாரைத் துடைக்கச் சொல்லுங்க சார், தூசி இருக்கும். துடைச்சும் மூடலேன்னா கூப்பிடுங்க. ஆமா, இங்க குடியேற்ற ஆபீஸ்லதான் இருக்கேன். வெச்சிடறேன். சொல்லுங்கக்கா, எங்க விட்டோம்?

— முகவரி முடிஞ்சுது. இனி புதுசோட நம்பர்தான் பாக்கி. தங்கச்சி, புதுப் பாஸ்போர்ட்டைக் குடு.

— இந்தாங்க.

— ம்.

— என்னக்கா, நம்பர் தெரியலையா? முதல் பக்கத்துல மேல இருக்கும் பாருங்க.

— நம்பர் தெரியுது. தம்பி, இந்தப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்க.

— வழவழன்னு இருக்கு. புதுப் பாஸ்போர்ட்டெல்லாம் இப்ப இப்படித்தான் வருதா?

— அடுத்த பக்கத்தையும் தொடுங்க. அதுக்கடுத்தது.

— ஏம்மா, இது என்னது?

— ஃபிலிம்.

— பாஸ்போர்ட்லயா?

— பாஸ்போர்ட்லதான்.

— எப்ப ஒட்டினே?

— முந்தாநாள். நீங்க வேலைக்குப் போன பிறகு.

— எத்தனை பக்கம்?

— எல்லாம்தான். முதல் பக்கம் அங்கேயே ஒட்டித்தான் குடுத்திருந்தாங்க. மிச்சத்தை நான் முடிச்சேன்.

— கேட்டீங்களாக்கா? அதான் விஷயம். முதல் பக்கத்தை அவங்க ஒட்டியிருக்கறதைப் பாத்துட்டு, மிச்சத்தை மறந்துட்டாங்கன்னு நினைச்சுட்டா. பாவம், நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருக்கா. இவ கையில குடுத்ததே என் தப்பு. இருங்க, ஓரத்துல நகத்தை விட்டுக் கிளப்பினா வந்துடும்.

— வேண்டாங்க. உரிச்சா காகிதத்தோட மேல் தோலும் சேந்து வரும்.

— கை வைக்காதீங்க, தம்பி. ஒட்டினது சேதம். கிழிச்சா குத்தம்.

— ஒரே ஒரு பக்கம் போதும்கா. சீல் விழ அஞ்சு விரல் அகலம் இடம் கிடைச்சாப் போதும்.

— நானும் அதைத்தான் தேடறேன். ஓரம் வரைக்கும் போயிருக்கு. ஒரு சுருக்கம் இல்ல, ஒரு குமிழி இல்ல. சூடு வெச்சு ஒட்டினதா, தங்கச்சி?

— இல்லக்கா, பசைதான். சூடு வெச்சா நடுத் தையல் விட்டுடும்.

— ம்.

— என்னக்கா ம்னா? இப்ப என்ன பண்றது, அதைச் சொல்லுங்க.

— இந்தப் புத்தகத்துல எந்தச் சீலும் நிக்காது. தூதரகத்துல சேதம்னு எழுதிக் குடுத்து வேற பாஸ்போர்ட் வாங்கணும். அதுக்கு ஆறு வாரம் ஆகும்.

— ஒம்போது நாள்தானே இருக்கு.

— ஆமா. இருபத்தெட்டு தாண்டி இருந்தா அனுமதி இல்லாம இருந்தவங்கன்னு பதிவாயிடும். அதுக்கு முன்னாடி கிளம்பிடணும். இதைக் காட்டினா விமானத்துல ஏத்த மாட்டாங்க. அதனால தூதரகத்துல ஒரு வழிப் பேப்பர்னு ஒண்ணு குடுப்பாங்க. ஒத்தைத் தாள், நாலு நாள்ல கிடைச்சிடும். அதை வெச்சு ஊருக்குப் போகலாம். திரும்பி வர ஆகாது.

— அதெல்லாம் வேண்டாம்கா. அது என்ன, ஊரைவிட்டுத் துரத்தற மாதிரி. வேற வழியே இல்லையா? நீங்க எவ்வளவு பேரைப் பாத்திருப்பீங்க.

— தங்கச்சி, அவர் கேக்கறாரு. எனக்குத் தெரிஞ்ச வழியை மறைக்க என்னால முடியாது. நாலு பேரு நம்பி வர்ற இடம் இது.

— சொல்லுங்கக்கா. நான் உங்களைத் தப்பா நினைக்க மாட்டேன்.

— இவ என்ன நினைக்கறது, நீங்க முதல்ல சொல்லுங்க.

— தனித்தாள்னு ஒண்ணு இருக்கு. புத்தகத்துல இடம் இல்லேன்னா, பழைய சீலை ஒரு தனித்தாள்ல அடிச்சு, பாஸ்போர்ட்டோட பின் பண்ணிக் குடுப்பாங்க. வெள்ளத்துல நனைஞ்சது, எலி கடிச்சது, குழந்தை கிறுக்கினதுன்னு மூணு பேருக்கு நானே வாங்கிக் குடுத்திருக்கேன்.

— அப்பாடா. நாலாவதா லேமினேஷனையும் சேத்துக்கோங்க. நான் பயந்தே போயிட்டேன்.

— அதுக்கு ஒரு உறுதிமொழி குடுக்கணும். பாஸ்போர்ட் யாருதோ அவங்கதான் கையெழுத்துப் போடணும். அந்தத் தாள்லயே வாசகம் அச்சாகியிருக்கு. ‘இச்சேதம் எனது அறியாமையால் நேர்ந்தது, இவ்வாறு செய்தால் முத்திரையிட இயலாது என்பது எனக்குத் தெரியாது.’ இவ்வளவுதான். கீழ பேரு, தேதி.

— அவ்வளவுதானா? பேனாவைக் குடுங்க. இந்தா, போடு.

— அந்தத் தனித்தாள்லயும் சிவப்பு வரி உண்டாக்கா?

— உண்டு. தாள்தான் வேற. வரி அதேதான்.

— போடும்மா, மதியத்துக்குள்ள உள்ள குடுத்துடலாம்.

— இதுல என்னால போட முடியாதுங்க.

— ஏன்?

— தெரியாதுன்னு எழுதியிருக்கு.

— எழுதியிருந்தா என்ன? தெரியாமத்தானே செஞ்சே?

— ஆறு வருஷம் நான் செஞ்ச வேலைங்க அது. எதை ஒட்டணும், எதை ஒட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதுன்னு என் கையாலேயே எழுதிக் குடுக்க மாட்டேன்.

— ரோஷம் பாக்கற நேரமா இது? உன் கடைக்கு யாரும் இங்க மார்க் போட உக்காந்திருக்கல. ஒரு வரி, ஒரு கையெழுத்து. எத்தனையோ தாள்ல படிச்சே பாக்காமப் போட்டிருக்கோம்.

— நீங்க போட்டிருக்கீங்க.

— அக்கா, நீங்களாவது சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா.

— நான் பாரம் எழுதறவ, தம்பி. கட்டத்தை நிரப்புவேன். கையெழுத்து அவங்கவங்க பாடு.

— நான் போட்டா செல்லாதா? புருஷன்தானே.

— சார்ந்திருக்கற பாரத்துக்குத்தான் புருஷன் கையெழுத்து. பாஸ்போர்ட் அவங்களோடது.

— கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கறதைப் பாருங்க. ஏம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. நீ போடலேன்னா ஒம்போது நாள்ல நீ கிளம்பணும். விளையாட்டு இல்ல. எனக்கு உன்கூட வர லீவு கிடைக்காது. காலையில எழுந்தா யாரும் இல்லாத வீடு. நீ இல்லாம நான் இங்க தனியா என்ன பண்றது?

— நானும் எட்டு வருஷமா இதைத்தாங்க கேக்கறேன். நீங்க காலையில கிளம்பிப் போன பிறகு நான் இங்க தனியா என்ன பண்றதுன்னு.

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— சம்பந்தம் இல்லேன்னா விடுங்க.

— தம்பி, வெளிய நாலு பேரு நிக்கறாங்க. தனித்தாளா, ஒரு வழிப் பேப்பரா, ஒண்ணைச் சொல்லுங்க. பேனாவை நடுவுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியாது.

— ஒரு வழியில போனா, அப்புறம் எப்படிக்கா திரும்பறது?

— ஊர்ல வேற பாஸ்போர்ட் வாங்கணும். நீங்க இங்கேருந்து புதுசா ஒரு துணைவர் மனு போடணும். வரேன்னு அவங்களும் அங்கேருந்து கையெழுத்துப் போடணும். எல்லாம் சரியா நடந்தா மூணு மாசம்.

— போடுவா. போடாம என்ன? கோபம் ரெண்டு நாள் இருக்கும். மூணு மாசம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். போனது போகுது, அந்தக் கடையையும் ஒரு எட்டு பாத்துட்டு வரட்டும். ஆசை தீந்துடும்.

— அப்ப இந்த மாத்தற பாரத்தை நான் கிழிச்சுப் போடட்டுமா?

— வேற என்ன செய்ய. கிழிங்க.

— தங்கச்சி, நீ சொல்லு. உன் பேர்ல இருக்கறது.

— கிழிச்சிடுங்கக்கா.

— சரி, அடுத்தது. ஒரு வழிப் பேப்பர். இதுல கட்டம் கம்மிதான். பேரு, பிறந்த தேதி, சொந்த முகவரி. தொழில்னு இதுலயும் ஒரு கட்டம் இருக்கு.

— அதுலயும் கோடுதானாக்கா?

— இல்ல. இதுல நீ துணைவர் இல்ல. சொல்லு, எழுதறேன்.

— ஜெராக்ஸ், லேமினேஷன்.

— எழுதியாச்சு. என்ன சிரிப்பு, தம்பி?

— ஒண்ணும் இல்லக்கா. எட்டு வருஷம் கழிச்சு அவ நினைச்சதை ஒரு கட்டத்துலயாவது எழுத வெச்சுட்டாளேன்னுதான். எல்லாம் ஒரு தெரியாத்தனத்தால வந்தது. நேரம் சரியில்லேன்னா கயிறும் பாம்பாகும்.

— இனி ஃபோட்டோதான் பாக்கி. பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது ஆகாது, இதுக்கு அளவு வேற. சதுரமா நாலு வேணும். எதிர்க் கட்டடத்துல கீழ எடுப்பான், இன்னும் அரை மணியில மூடிடுவான். தம்பி, கையோட கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க.

— வேண்டாங்கக்கா. சதுரமாவே நாலு இருக்கு. போன வாரமே எடுத்து வெச்சுட்டேன்.